எட்டரைக்கு வர வேண்டியவர் ஏன் தினமும் எட்டு நாற்பதுக்கே வருகிறார்?

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி ஆந்திராவில் இருக்கும் தடா பக்கம் 120 பேர் வேலை பார்க்கும் உதிரிபாகத் தொழிற்சாலை, ஜெனரல் ஷிஃப்ட் காலை 8.30. கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், ஊத்துக்கோட்டைப் பக்கமிருந்து வரும் ஏழெட்டுப் பேர் வாரத்தில் பாதி நாள் லேட். மூன்று லேட்டுக்கு அரை நாள் சம்பளம் பிடித்துப் பார்த்தீர்கள், மெமோ கொடுத்துப் பார்த்தீர்கள், ஒன்றும் மாறவில்லை. "இது சோம்பேறித்தனமா, திமிரா, இல்லை வேறு ஏதாவதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அவர்கள் ஏன் லேட்டாக வருகிறார்கள் என்பது ஒன்று. தண்டனை கொடுத்தும் ஏன் பலிக்கவில்லை என்பது இன்னொன்று. இரண்டுக்கும் விடை தேடத் தொடங்க வேண்டிய இடம் உங்கள் டைம் ஆபீஸ் பதிவேடுதான். அந்த ஏழெட்டுப் பேரும் ஒரே ரகமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. எல்லோரையும் 'லேட் பார்ட்டி' என்று ஒரே கூடையில் போட்டு ஒரே மருந்து கொடுத்ததால்தான் யாருக்கும் பலிக்கவில்லை.

முதலில் எட்டு வாரப் பஞ்ச் பதிவை, அதாவது வந்ததும் மெஷினில் விழும் நேரப் பதிவை, எடுங்கள். 'லேட்' என்ற ஒற்றைக் குறியை அடித்துவிட்டு, ஆளுக்கு ஒரு வரிசையாக, நாளுக்கு எத்தனை நிமிடம் தாமதம் என்று எண்ணாக எழுதுங்கள். கிழமையையும், முந்தைய நாள் வார விடுமுறையா, ஷிஃப்ட் மாறிய நாளா என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். ஒரு மணி நேர வேலைதான். கேரி பிளாவ் என்ற ஆய்வாளர் மருத்துவமனை ஊழியர்களையும் வங்கி ஊழியர்களையும் வைத்து 1994-இல் தாமதத்தை மூன்றாகப் பிரித்தார்: நாளாக ஆக ஏறிக்கொண்டே போவது, ஒரே அளவில் திரும்பத் திரும்ப வருவது, தவிர்க்க முடியாமல் எப்போதாவது நேர்வது. ஆலைப் பதிவேட்டிலும் இந்த மூன்றும் கண்ணுக்குத் தெரியும். ஒருவருக்கு 7, 9, 6, 8, 10 என்று எண்கள் நெருக்கமாக இருக்கும். இன்னொருவருக்கு 0, 0, 0, 55, 0, 0, 62 என்று இருக்கும். மூன்றாமவருக்கு முதல் வாரம் 3, நான்காம் வாரம் 12, எட்டாம் வாரம் 25.

முதல் ரகத்தைத்தான் நாம் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்கிறோம். சாலை நெரிசல்தான் காரணம் என்றால் எண்கள் சிதறிக் கிடக்க வேண்டும்; ஒரு நாள் 2, ஒரு நாள் 20 என்று. தினமும் 8.38-க்கு வருகிறவர் உண்மையில் மிகவும் ஒழுங்கான ஆள். அவருடைய ஒழுங்கு 8.38-ஐச் சுற்றி அமைந்துவிட்டது, அவ்வளவே. கோளாறு அவர் வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்தில் இருக்கிறது. "ஆரம்பாக்கத்திலிருந்து பைக்கில் இருபது நிமிஷம் சார்" என்பார். பொய் சொல்லவில்லை. ஹைவேயில் வண்டி ஓடும் நேரம் இருபதுதான். வண்டியை வெளியே எடுப்பது, யூ-டர்னுக்குச் சுற்றிப் போவது, கேட்டில் செக்யூரிட்டி பையைப் பார்ப்பது, ஷெட்டில் இடம் தேடி நிறுத்துவது, லாக்கரில் செருப்பை வைத்து சேஃப்டி ஷூ மாட்டுவது, பஞ்ச் மெஷின் வரிசையில் நிற்பது, இதில் எதுவும் அந்த இருபதில் சேரவில்லை. கூட்டிப் பார்த்தால் முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு ஆகும்.

மனிதர்கள் கணக்குப் போடும்போது எல்லாம் நன்றாகப் போன நாளையே நினைவில் வைத்துப் போடுவார்கள். உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இலேயே இதைச் சொல்லிவிட்டார்கள். 1994-இல் கனடாவில் மாணவர்களிடம் 'உங்கள் ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் ஆகும்' என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள், முடிக்க 55 நாள் ஆனது. அனுபவம் இருந்தும் இந்தப் பிழை திருந்துவதில்லை. நேற்று லேட்டானதற்கு நேற்றைய ரயில்வே கேட் காரணம், முந்தாநாள் லேட்டுக்கு பெட்ரோல் பங்க் காரணம் என்று ஒவ்வொரு நாளையும் விதிவிலக்காக ஒதுக்கிவிடுவோம். ஆகவே இந்த ரகத்துக்கு அறிவுரை வேண்டாம், அளவெடுப்பு போதும். ஐந்து நாள், வீட்டு வாசல் தாண்டும் நேரத்தையும் பஞ்ச் விழும் நேரத்தையும் அவரையே குறிக்கச் சொல்லுங்கள். ஐந்தில் இரண்டாவது நீளமான நாளை எடுத்து, 8.25-இலிருந்து பின்னோக்கி எண்ணி, கிளம்பும் நேரத்தை முடிவு செய்யச் சொல்லுங்கள். 'எட்டரைக்கு வா' என்று அடுத்து யாரும் சொல்ல வேண்டாம். 'ஏழு ஐம்பதுக்கு வண்டி வெளியே நிற்க வேண்டும்' என்பதே இலக்கு. கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள் ஏன் அவ்வளவாக லேட்டாவதில்லை என்பதற்கும் இதுவே காரணம். பஸ் கிளம்பும் நேரத்தை அவர்களுக்கு வேறொருவர் நிர்ணயித்துக் கொடுத்துவிட்டார்.

ஆளைக் குறை சொல்வதற்கு முன் உங்கள் பஞ்ச் மெஷினையும் ஒரு நாள் நின்று பாருங்கள். முகம் பார்க்கும் கருவி ஆளுக்கு ஐந்து விநாடி எடுத்துக்கொள்கிறது என்று வையுங்கள். தொப்பியைக் கழற்று, திரும்ப நில் என்பதெல்லாம் சேர்த்து. 120 பேருக்கு 600 விநாடி, அதாவது பத்து நிமிடம். மூன்று கம்பெனி பஸ்ஸும் 8.25-க்கு ஒன்றாக வந்து நின்றால், ஒரே ஒரு மெஷின் இருக்கும் இடத்தில், யாரோ சிலர் 8.34-க்குத்தான் பஞ்ச் பண்ண முடியும். முண்டியடிக்காதவர்கள், பெரும்பாலும் பெண்களும் வயதானவர்களும், பதிவேட்டில் லேட். இன்னொரு மெஷின் வைத்தாலோ, ஒரு பஸ்ஸைப் பத்து நிமிடம் முன்னால் வரச் செய்தாலோ, உங்கள் லேட் பட்டியலில் ஒரு பகுதி காணாமல் போகும். கிரேஸ் டைம் பத்து நிமிடம் உண்டு என்றால் அதையும் கவனியுங்கள். முதல் மாதம் அது சலுகை. மூன்றாம் மாதம் 8.40 என்பதே ஷிஃப்ட் நேரம் ஆகிவிடும், பத்து நிமிடத் தாமதம் அதற்கு மேலே தொடங்கும்.

இரண்டாவது ரகம், பூஜ்யமும் அறுபதும் மட்டுமே உள்ளவர்கள். இவர்கள் ரயிலையும் பஸ்ஸையும் நம்பி வருகிறவர்கள். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை வரும் புறநகர் ரயில்களில் சிலவே எளாவூர், ஆரம்பாக்கம், தடா தாண்டி சூலூர்பேட்டை வரை போகின்றன. அதே தண்டவாளத்தில்தான் விஜயவாடாப் பக்கம் போகும் எக்ஸ்பிரஸ்களும் சரக்கு ரயில்களும் ஓடுகின்றன. அவற்றுக்கு வழிவிட லோக்கலை நிறுத்தி வைப்பது இந்தத் தடத்தில் எல்லோருக்கும் பழகிய விஷயம். இறங்கிய பிறகு ஷேர் ஆட்டோ ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். ஊத்துக்கோட்டையிலிருந்து சத்தியவேடு வழியாக வருகிறவருக்கும் இதே கதை. ஒரு பஸ் போனால் அடுத்தது வரும் வரை நிற்க வேண்டியதுதான். இப்படிப்பட்ட வழியில் இரண்டு நிமிடம் தவறினால் ஒரு மணி நேரம் போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் மோசம். இவரிடம் 'பத்து நிமிஷம் முன்னாடி கிளம்பு' என்பதில் பொருளில்லை. பத்து நிமிடம் முன்னால் ரயில் கிடையாது. இதற்கு மூன்று வழிகள் உண்டு. கம்பெனி பஸ் நிறுத்தம் ஒன்றை ஸ்டேஷன் பக்கம் மாற்றலாம். உற்பத்தி லைனில் நிற்காத வேலை என்றால், ஸ்டோர்ஸ், டிஸ்பாட்ச், டூல் ரூம் போல, 9.00 முதல் 5.30 வரை என்று நேரத்தைத் தள்ளிக் கொடுக்கலாம். இரண்டும் முடியாவிட்டால், முந்தைய ரயிலில் வந்தால் அரை மணி உட்கார நிழலும் டீயும் இருக்கிறதா என்று பாருங்கள். கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்க வைத்தால் யாரும் முந்தைய ரயிலைப் பிடிக்க மாட்டார்கள்.

தூக்கம் தனி விஷயம், அது எல்லா ரகத்திலும் கலந்திருக்கும். லைனில் நிற்பவர்களில் பலர் பத்தொன்பது முதல் இருபத்து மூன்று வயதுக்காரர்கள். பருவ வயதில் உடலின் தூக்க நேரம் பின்னுக்குத் தள்ளிப்போய், சுமார் இருபது வயதில் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்ல முன்னுக்குத் திரும்புகிறது. இது உறுதியாகத் தெரிந்த ஒன்று. ரூமில் ஆறு பேர் ஃபோனைப் பார்த்துக்கொண்டு கிடப்பது அதை எவ்வளவு கூட்டுகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதைவிடப் பெரிய கோளாறு ஷிஃப்ட் அட்டவணையில் இருக்கலாம். செகண்ட் ஷிஃப்ட் இரவு 10-க்கு விடுகிறது. மறுநாளே ஆள் குறைவென்று காலை 6-க்கு அழைக்கிறீர்கள். வீடு சேர 11 ஆகும், சாப்பிட்டுப் படுக்க 12, எழ வேண்டியது 4.15. நான்கு மணி நேரத் தூக்கத்தில் அலாரம் காதில் விழாமல் போவதைத் திமிர் என்று சொல்ல முடியாது. மனித உடலின் உள்கடிகாரம் சராசரியாக 24 மணிக்குச் சற்றே கூடுதல், ஏறக்குறைய 24.2 மணி, அதனால் ஷிஃப்ட்டைக் காலை, மதியம், இரவு என்று முன்னோக்கிச் சுழற்றினால் உடல் ஓரளவு ஒத்துப்போகும், தலைகீழாகச் சுழற்றினால் திணறும். நாற்பது வயதுக்கு மேல், பருமனான உடல், பலத்த குறட்டை, பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொருகல் என்று ஒருவர் இருந்தால், தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய் இருக்கலாம். அதை நீங்களோ நானோ முடிவு செய்ய முடியாது, மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர் இ.எஸ்.ஐ.-யில் இருப்பார், அங்கே அனுப்பலாம்.

திங்கட்கிழமை லேட்டைப் பார்த்ததும் 'குடிதான்' என்று முடிவு கட்டுவது நம் ஊர் வழக்கம். சில நேரம் உண்மை. ஆனால் வெளியூர்க்காரர் வார விடுமுறைக்குத் திருவண்ணாமலைப் பக்கமோ நெல்லூர்ப் பக்கமோ போய், திங்கள் முதல் பஸ்ஸில் திரும்புகிறார் என்றாலும் பதிவேட்டில் அதே உருவம்தான் விழும். உள்ளூர்க்காரர், சம்பள நாளுக்கு மறுநாளும் லேட், மதியம் வரை தடுமாற்றம் என்றால் மட்டும் சந்தேகப்படலாம். அதுவும் சந்தேகம்தான்.

பெண் ஊழியர்கள் விஷயத்தில் பதிவேட்டை இன்னொரு விதமாகப் பார்க்க வேண்டும். மே மாதத்தை எடுங்கள். பள்ளி நாளில் லேட், விடுமுறையில் சரியான நேரம் என்றால் கேள்வி அங்கேயே முடிந்துவிட்டது. ஸ்கூல் வேன் வரும் நேரத்துக்கும் உங்கள் ஷிஃப்ட்டுக்கும் இடிக்கிறது. எல்லையில் ஒரு சிக்கல் கூடுதல்: ஒரே லைனில் நிற்கும் இருவரில் ஒருத்தி பிள்ளை தமிழ்நாட்டுப் பள்ளி, இன்னொருத்தி பிள்ளை ஆந்திரப் பள்ளி. விடுமுறை, திறக்கும் நாள் இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. சேர்த்துப் பார்த்தால் எதுவும் தெரியாது, பிரித்துப் பார்த்தால் தெரியும். ஆண்களுக்கும் இது பொருந்தும். பிள்ளையை வண்டியில் கொண்டுபோய் விடும் அப்பாக்கள் இப்போது நிறைய.

மூன்றாவது ரகம், ஏறிக்கொண்டே போகும் தாமதம், உங்களைக் கவலைப்பட வைக்க வேண்டியது. பிளாவின் ஆய்வில் இந்த வகைதான் வேலையில் மனநிறைவு குறைவதோடும் நிறுவனத்தின் மேல் பற்று விட்டுப்போவதோடும் சேர்ந்து வந்தது. சாலையும் மழையும் எட்டு வாரமாக ஒரே திசையில் மோசமாவதில்லை, மனசு மோசமாகலாம். தாமதம் ஏறத் தொடங்கிய வாரத்தைக் கண்டுபிடித்து, அந்த வாரம் என்ன நடந்தது என்று பாருங்கள்: லைன் மாற்றினீர்களா, ஓவர்டைம் நின்றதா, காண்ட்ராக்டில் இருந்தவரை நிரந்தரம் செய்வதாகச் சொல்லிவிட்டு ஜூனியரைச் செய்தீர்களா, பத்துப் பேர் முன்னால் திட்டு வாங்கினாரா. மன அழுத்த நோயும் இப்படியே வெளிப்படும். காலையில் எழுந்திருப்பதே பெரும்பாடாகும். வீட்டில் கடன் நெருக்கடியும் உண்டு. இதில் எது என்று பஞ்ச் பதிவு சொல்லாது, எப்போது தொடங்கியது என்று மட்டும் சொல்லும். அந்தத் தேதி கையில் இருந்தால் பேச்சு எளிதாகும்.

இதோடு இன்னொன்றையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 8.30-க்கு மணி அடித்த பிறகு உங்கள் லைன் எப்போது ஓடத் தொடங்குகிறது? மீட்டிங், மெட்டீரியல் வரவில்லை, மெயின்டெனன்ஸ் ஆள் காணோம் என்று 8.50-க்குத்தான் முதல் பீஸ் விழுகிறது என்றால், 8.40-க்கு வருகிறவர் எதையும் இழக்கவில்லை, கம்பெனியும் எதையும் இழக்கவில்லை என்பது லைனில் எல்லோருக்கும் தெரியும்.

'சிலர் பிறவியிலேயே அப்படி' என்பதில் எவ்வளவு உண்மை? கொஞ்சம் உண்டு. நியூயார்க் சுரங்க ரயில் ஓட்டுநர்களை வைத்துச் செய்த ஆய்வில், ஒரே நேரத்தில் பல வேலைகளை இழுத்துப் போட்டுக்கொள்ளும் சுபாவம் உள்ளவர்கள் கூடுதலாக லேட்டானார்கள். பரபரப்பான ஆட்கள் 58 விநாடியிலேயே ஒரு நிமிடம் ஆகிவிட்டது என்றார்கள், நிதானமான ஆட்கள் 77 விநாடி கழித்துச் சொன்னார்கள் என்று இன்னொரு ஆய்வு உண்டு. ஆனால் இவை சராசரிகள். உங்கள் முன்னால் நிற்கும் ஒருவரைப் பற்றி இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. சோம்பேறித்தனம் என்ற சொல் இன்னும் மோசம், அது காரணம் போலத் தெரியும், ஆனால் அடுத்து என்ன செய்வதென்று எதுவும் சொல்லாது.

இனி தண்டனை. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பத்துக் குழந்தைகள் காப்பகங்களில் ஒரு சோதனை செய்து 2000-இல் வெளியிட்டார்கள். பிள்ளையைத் திரும்ப அழைக்கப் பத்து நிமிடத்துக்கு மேல் லேட்டாக வரும் பெற்றோருக்கு ஆறு காப்பகங்களில் 10 ஷெகல் அபராதம் வைத்தார்கள். லேட்டாக வருகிறவர்கள் ஏறக்குறைய இரட்டிப்பானார்கள். அபராதத்தை எடுத்த பிறகும் குறையவில்லை. அதுவரை கூச்சமாக இருந்தது, அதற்கு மேல் விலை கொடுத்து வாங்கும் சேவையாகிவிட்டது. பெற்றோரும் தொழிலாளியும் ஒன்றில்லை, எல்லா அபராதமும் இப்படியே முடியும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் 'மூன்று லேட்டுக்கு அரை நாள்' விதியில் அதைவிட வெளிப்படையான ஓட்டை இருக்கிறது. இரண்டு லேட் ஆகிவிட்டவர் மூன்றாம் நாள் பத்து நிமிடம் தாமதமாகும் என்று தெரிந்தால், அரை நாள் போகத்தானே போகிறது என்று மதியம் வருவார், அல்லது வரவே மாட்டார். பத்து நிமிடத்தைத் திருத்தப் போய் ஒரு ஆளையே இழக்கிறீர்கள்.

சட்டப்படியும் அந்த விதி ஆபத்தானது. 1936-ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டமும் சரி, அதன் இடத்தில் வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்பும் சரி, வராத நேரத்துக்கு உரிய விகிதத்தில் மட்டுமே சம்பளம் பிடிக்கலாம் என்கின்றன. கணக்காகப் பாருங்கள். மாதம் 18,000 ரூபாய், 26 வேலை நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் மணிக்குச் சுமார் 86.50 ரூபாய். 15 நிமிடத்துக்கு 22 ரூபாய்க்குள். மூன்று முறை 15 நிமிடம் என்றாலும் 65 ரூபாய். நீங்கள் பிடிக்கும் அரை நாள் 346 ரூபாய். மிச்சத் தொகை அபராதமாகிவிடும். அபராதம் என்றால் அதற்குத் தனி நிபந்தனைகள்: எந்தச் செயலுக்கு அபராதம் என்று முன்கூட்டி அறிவித்திருக்க வேண்டும், அந்த அறிவிப்புக்கு அரசின் ஒப்புதல் வேண்டும், ஆளிடம் விளக்கம் கேட்டிருக்க வேண்டும், ஒரு சம்பள காலத்தில் மொத்தம் ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 18,000-க்கு அது 540 ரூபாய். ஆலை ஆந்திர எல்லைக்குள் இருப்பதால் ஆந்திர அரசின் விதிகளே பொருந்தும், ஆள் எந்த மாநிலத்திலிருந்து வருகிறார் என்பது கணக்கில் வராது. சம்பளத்துக்குப் பதில் விடுப்புக் கணக்கில் அரை நாள் கழிப்பதைப் பல கம்பெனிகள் செய்கின்றன. அது செல்லுமா என்பது உங்கள் பணி விதிகளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. தொழிலாளர் சட்ட ஆலோசகர் ஒருவரிடம் அந்தத் தாளைக் காட்டிவிடுங்கள்.

பேசும்போது "ஏன்ப்பா லேட்டு?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குச் சாக்குதான் பதிலாக வரும். "காலையில எழுந்ததுலேருந்து பஞ்ச் பண்ற வரைக்கும் வரிசையா சொல்லுங்க" என்று கேளுங்கள். "அஞ்சேமுக்காலுக்கு எழுந்திருப்பேன் சார். ஆறரைக்குத் தண்ணி வரும், புடிச்சு வெச்சுட்டு, அம்மாவுக்கு மாத்திரை குடுத்துட்டு, ஏழு இருபதுக்கு ஆட்டோ..." என்று போகும்போது இடறும் இடம் தானாக வெளியே வரும். தனியாக உட்கார்த்திக் கேளுங்கள். தமிழ் தடுமாறுகிறவரிடம் தெலுங்கிலும், தெலுங்கு தடுமாறுகிறவரிடம் தமிழிலும் பேச ஆள் இருக்க வேண்டும். அவர் சொன்னதைப் பதிவேட்டு எண்களோடு பொருத்திப் பாருங்கள். ரயில் என்கிறவருடைய எண்கள் 7, 8, 9 என்று இருந்தால் ரயில் காரணமில்லை. ஒரே ஒரு மாற்றத்தை ஒப்புக்கொண்டு நான்கு வாரம் விட்டுப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் இருவர் மிஞ்சுவார்கள். அவர்கள் விஷயத்தில் நடவடிக்கை எடுப்பதில் தவறில்லை. ஆலைகளின் பணி விதிகளைப் பற்றிய 1946-ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தின் கீழ் வந்த மத்திய மாதிரி நிலையாணைகளிலேயே வழக்கமாகத் தாமதமாக வருவது ஒழுங்கீனமாகப் பட்டியலிடப்பட்டிருந்தது. அந்தச் சட்டம் 100 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களுக்கு என்றிருந்தது, 2020 தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அதை 300 ஆக்கியது. 120 பேர் உள்ள உங்கள் ஆலைக்கு எது பொருந்தும் என்பதையும் ஆலோசகரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். எதுவானாலும் மெமோவில் 'அடிக்கடி தாமதம்' என்று பொதுவாக எழுதாமல் தேதி, நிமிடம், அன்று பெர்மிஷன் இருந்ததா என்ற மூன்றையும் எழுதுங்கள். எழுத்தில் விளக்கம் கேளுங்கள். அவர் கொடுத்த பதிலைக் கோப்பில் சேருங்கள். விசாரணை என்று வந்தால் எதிர்த் தரப்பு கேட்கும் முதல் ஆவணம் அதே எட்டு வாரத்துக்கு மற்ற 119 பேரின் பஞ்ச் பதிவாகத்தான் இருக்கும். அதே அளவு லேட்டான இன்னொருவருக்கு, முக்கியமாக உங்கள் ஸ்டாஃப் ஒருவருக்கு, மெமோ போகவில்லை என்றால் வழக்கு அங்கேயே தளர்ந்துவிடும்.